எந்திரமும் நாலு பேரும்: பெங்களூரில் போஸ்ட்-பங்க், மின்னிசைக் குழு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கூர்மையான கிதார், பளிச்சிடும் சின்தசைசர், பிசகாத டிரம் மெஷின் ஆகிய மூன்றும் ஒரே பாட்டுக்குள் முட்டி மோதும் இசையைப் பற்றியது இக்கட்டுரை. ராக் கச்சேரியின் ஆவேசமும் நடன அரங்கின் ஓயாத துடிப்பும் இதில் ஒன்றாக இருக்கும். பெங்களூரில் இப்படியொரு குழுவைத் தொடங்க நினைக்கும் தமிழ் இளைஞர்கள், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களானாலும் சரி, வேலை கிடைத்துக் கோவையிலிருந்து வந்து பிடிஎம் லேஅவுட்டில் அறை எடுத்திருப்பவர்களானாலும் சரி, பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த சின்த் வாங்கலாம்?" என்றுதான். அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. பாட்டின் காலப்பிரமாணத்தை எந்திரம் பிடிக்குமா, ஆள் பிடிப்பாரா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது முடிவானால் எத்தனை பேர் தேவை, என்ன கருவி தேவை, எத்தகைய ஒத்திகை அறை தேவை என்பவை தாமாகவே தெளிவாகும்.

முதல் படி: காதைத் தயார் செய்தல்

1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பங்க் அலை தணிந்தபோது, அதன் வேகத்தை வைத்துக்கொண்டு, மூன்றே ஸ்வரக்கூட்டுகளில் பாட்டை முடித்துவிடும் எளிமையை மட்டும் உதறியவர்கள் போஸ்ட்-பங்கை உருவாக்கினார்கள். மான்செஸ்டர் வட்டாரத்துக் குழுவான ஜாய் டிவிஷன் 1979இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை ஹெட்போனில், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கருவியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். பல இடங்களில் மெட்டைச் சுமப்பது பேஸ் கிதார் என்பது அப்போது தெரியும். பீட்டர் ஹூக் அதை உயர்ந்த ஸ்வரங்களில், கழுத்தின் மேற்பகுதியில் வாசிக்கிறார். டிரம்ஸை மனிதர்தான் வாசித்தார் என்றாலும், தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அது எந்திரம் வாசித்தது போலக் கேட்கும் வரை இறுக்கியிருக்கிறார். அதே ஆண்டில் முதல் ஆல்பத்தை வெளியிட்ட லீட்ஸ் நகரத்து கேங் ஆஃப் ஃபோர், கிதாரை எதிரொலி எதுவுமின்றி, வெட்டு வெட்டாக, ஏறக்குறைய ஒரு தாளக் கருவியாகவே கையாண்டது.

அடுத்து மறுகரையான மின்னிசைப் பக்கத்துக்குப் போங்கள். நியூயார்க்கில் சூசைட் என்ற குழு 1977இலேயே ஒரு பாடகரையும் ஒரு கீபோர்டுக்காரரையும் மட்டும் வைத்து, மலிவான ரிதம் எந்திரத்தின் துணையுடன் முழு ஆல்பத்தைச் செய்து முடித்தது. பங்க் ஆல்பம் பதிவு செய்யப் போன கேரி நியூமன், ஸ்டூடியோவில் யாரோ விட்டுப்போன மினிமூக் சின்தசைசரைத் தட்டிப் பார்த்துத் திசை மாறியவர்; 1979இல் அவருடைய பாடல்கள் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தன. பாசில்டன் ஊரின் டெப்பேஷ் மோட் 1981இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. இயன் கர்ட்டிஸ் 1980இல் மறைந்தபின் ஜாய் டிவிஷனில் எஞ்சியவர்கள் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர, ஜில்லியன் கில்பர்ட் அவர்களோடு சேர்ந்தார். 1983இல் வந்த அவர்களுடைய 'ப்ளூ மண்டே'யில் இரு கரைகளும் இணைகின்றன: தாளம் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் எந்திரத்துடையது, ஸ்வர வரிசையை ஓட்டிய சீக்வென்சரோ பெர்னார்ட் சம்னர் உதிரிப் பாகங்களாக வாங்கித் தானே பற்றவைத்தது. பதிக்கும்போது கில்பர்ட் ஒரு ஸ்வரத்தை விட்டுவிட்டதால் சின்த் மெட்டு தாளத்தை விட்டுச் சற்றே விலகி ஓடுகிறது. அவர்கள் அதைத் திருத்தவில்லை. எந்திரத்தை நம்பலாம், ஆனால் அதற்கு அடிமையாக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2000களில் வந்தவர்களில் நியூயார்க்கின் எல்சிடி சவுண்ட்சிஸ்டத்தைக் கேட்டால், மனித டிரம்மரும் எந்திரமும் ஒரே மேடையில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பது புரியும்.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால், மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் எந்திரம், ஜூபிட்டர்-8 சின்தசைசர் ஆகிய மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்ததைச் சொல்லுங்கள். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி வழியாகச் செய்த இசையை நம் வீடுகளில் கேட்காதவர்கள் குறைவு.

இரண்டாம் படி: காலத்தை யார் பிடிப்பது

மூன்று வழிகள் உள்ளன. எந்திரமே தாளம் முழுவதையும் வாசிக்கலாம். டிரம்மர் ஒருவர், காதில் கிளிக் (காலம் காட்டும் டிக்-டிக் ஒலி) கேட்டபடி எந்திரத்தோடு சேர்ந்து வாசிக்கலாம். அல்லது டிரம்மரே காலத்தைப் பிடிக்க, சின்த் முழுவதையும் கையாலேயே வாசிக்கலாம். மூன்றாவது வழி எளிது போலத் தோன்றும். ஆனால் டிரம்மரின் வேகம் சற்றே மாறினாலும் ஸ்வரங்களைத் தானே அடுக்கடுக்காக வாசித்து ஓடிக்கொண்டிருக்கும் ஆர்ப்பெஜியேட்டரும், எதிரொலி தரும் டிலேயும் தனித்தனிப் பாதையில் போய்விடுமாதலால், அவை இரண்டையும் துறந்துவிட வேண்டியிருக்கும்.

புதியவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். நல்ல டிரம்மர்கள் இந்த நகரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குழுக்களில் வாசிப்பவர்கள். நால்வரின் ஷிஃப்ட் நேரத்தையும் ஒன்றுசேர்ப்பதற்குள் வாரம் முடிந்துவிடும். அடுக்குமாடி வீட்டில் டிரம் செட்டை வைத்து வாசிக்கவும் முடியாது. ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். டிரம் மெஷின், சின்த், கிதார், பேஸ், பாடகரின் மைக் ஆகிய அனைத்தையும் ஒரு சிறிய மிக்சரில் செருகி, அதிலிருந்து நான்கு ஹெட்போன்களுக்குப் பிரித்துக்கொண்டால், பக்கத்து அறையில் தூங்குபவர் புரளக்கூட மாட்டார். குரலை மட்டும் அடக்கிப் பாட வேண்டும்.

பெரும்பாலான டிரம் மெஷின்களில் ஒரு சுற்று 16 படிகளாகப் பிரிந்திருக்கும். கிக்கை (கனத்த அடி) 1, 5, 9, 13 ஆம் படிகளிலும், ஸ்னேரை (சுளீரென்ற அடி) 5, 13 ஆம் படிகளிலும், திறந்த ஹை-ஹாட்டை (ஜோடித் தட்டின் ஒலி) 3, 7, 11, 15 ஆம் படிகளிலும் வைத்து, வேகத்தை நிமிடத்துக்கு 140 முதல் 150 அடி வரை ஏற்றுங்கள். இந்த ஒரே தாளத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு, பேஸ் கிதார்காரர் ஒரே ஸ்வரத்தைச் சுற்றுக்கு எட்டு எட்டாக, எல்லாமே கீழ்நோக்கிய அடியாக, தளராமல் வாசிக்கப் பழக வேண்டும். எழுதும்போது சலிப்பாகத் தெரியும் இந்தப் பயிற்சியில்தான் குழுவின் தரம் தீர்மானமாகிறது.

இதில் நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. டப்பாங்குத்தும் ஊர்வல மேளமும் கேட்டு வளர்ந்த கைக்கு, ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரிக்கும் ஆட்டமே இயல்பாக வரும். போஸ்ட்-பங்க் தாளமோ அடியை இரண்டாகவும் நான்காகவும் நேராக வெட்டுவது. பேஸ்காரரின் கை தானறியாமல் குத்துப் பக்கம் சாயும்போது எந்திரத்தோடு ஒட்டாமல் தாளம் நொண்டும். எந்திரத்தில் ஸ்விங் (அடிகளைச் சற்றே தள்ளிவைக்கும் அமைப்பு) அளவு நேர்நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, நேரான வெட்டு கையில் நன்றாக ஊறும்வரை காத்திருங்கள். பிறகு ஏதாவது ஒரு பாட்டின் நடுவில் எட்டுச் சுற்றுக்கு மட்டும் வேண்டுமென்றே குத்துக்குள் புகுந்து திரும்புங்கள். அந்த இடத்தில் அரங்கம் துள்ளும். பாட்டு முழுவதும் அதுவே என்றால் துள்ளலும் இருக்காது, போஸ்ட்-பங்கும் இருக்காது.

எந்திரத்தால் உணர்ச்சிவசப்பட முடியாது. பாட்டின் ஏற்ற இறக்கத்தை அது தானாகத் தராது என்பதால், எதை எப்போது எடுத்துவிடுவது என்பதே இசையமைப்பின் பெரும்பகுதியாகிவிடுகிறது. பல்லவிக்கு முன்னால் நான்கு சுற்றுக்குக் கிக்கை ஊமையாக்குங்கள்; இரண்டாம் சரணத்தில் கிதாரை முழுவதுமாக நிறுத்துங்கள்; கடைசிச் சுற்றில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிடுங்கள். ஆட்கள் பதறவும் முந்தவும் கத்தவும் இடம் கிடைப்பதே எந்திரம் அசையாமல் நிற்பதனால்தான்.

மூன்றாம் படி: ஆட்களும் கருவிகளும்

முதலில் நல்ல பேஸ்காரரைத் தேடுங்கள். கிதார்காரர்கள் தேடாமலே கிடைப்பார்கள். சின்த் வாசிப்பவருக்குக் கர்நாடக சங்கீதமோ பியானோ கிரேடுகளோ தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பொறுமையும், ஒரே குமிழை அரைமணி நேரம் திருகி வேறுபாட்டைக் கேட்கும் காதும் இருந்தால் போதும்.

கருவிச் செலவைப் பொறுத்தவரை, உங்களில் ஒருவரிடமாவது நல்ல மடிக்கணினி இருக்கும் என்பதால் பாதி வேலை முடிந்தது. நான்கு வெளியீடுகளைக் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை வெளியே தரும் பெட்டி), சிறிய மிடி (மின்னிசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை) கீபோர்டு, மென்பொருள் சின்த் ஆகியவற்றோடு தொடங்கலாம். இரண்டு வெளியீடு மட்டுமே உள்ள இன்டர்ஃபேஸ் மலிவாகக் கிடைக்கும். மேடைக்குப் போகும் நாளில் அது போதாமல் இன்னொன்று வாங்குவீர்கள். தனிக் கருவிதான் வேண்டுமென்றால் கோர்க் வோல்கா வகையோ ஆர்ட்டூரியா மைக்ரோஃபிரீக்கோ தொடக்கத்துக்குப் போதுமானவை. பழைய கருவி கைக்கு வந்தாலும் தயங்க வேண்டாம்: 1983இல் நடைமுறைக்கு வந்த மிடி இணைப்பு இன்றும் அதே ஐந்து முனைக் கேபிளில் வேலை செய்கிறது. எத்தனை கருவிகளை இணைத்தாலும் கிளாக் (வேகத்தைச் சொல்லும் துடிப்பு) கொடுப்பது ஒன்றாகவும், மற்றவை அதைப் பின்பற்றுபவையாகவும் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியின் அடாப்டரில் 230 வோல்ட் ஏற்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் செருக வேண்டாம்.

கிதாருக்கு ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைவிட, ஒலியை இரட்டித்து அலையவிடும் கோரஸும் டிலேயும் முக்கியம். டிலே நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள். 60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடியின் நீளம் மில்லிவினாடியில் கிடைக்கும். வேகம் 150 என்றால் 400, அதன் முக்கால் பங்கு 300. டிலேயை 300இல் வைத்து எட்டு எட்டாக வாசித்துப் பாருங்கள், ஒரு கிதார் இரண்டாகி ஒன்றையொன்று துரத்தும். 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப்ளிஃபையர் நீங்கள் போகும் ஜாம் அறையில் இருந்தால் விடாதீர்கள்; அதன் தெளிவான ஒலியும் உள்ளேயே இருக்கும் கோரஸும் இந்த இசைக்கென்றே அமைந்தவை போலிருக்கும்.

கேபிள்களைக் கடையில் தயாராக வாங்குவதைவிட, மின்னணுப் பாகக் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் ஷீல்டு கேபிளும் ஜாக்குகளும் வாங்கி நீங்களே பற்றவைத்துக்கொள்வது நல்லது. பணம் மிச்சமாவது ஒருபுறம் இருக்க, மேடையில் ஒலி அறுந்தால் எங்கே பார்ப்பது என்ற அறிவும் அதில் கிடைக்கும்.

கீழ்ச்சுருதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பேஸ் கிதாரின் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். கிக்கின் அடிவயிறும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கும். சின்த் பேஸும் அங்கேயே வந்து உட்காரப் பார்க்கும். மூவரும் ஒரே இடத்தில் கூடினால் சின்ன அரங்கில் வெறும் உறுமல்தான் மிஞ்சும். சின்த் அடித்தளத்தைப் பிடிக்கும் பாட்டில் பேஸ்காரர் மேல் ஸ்வரங்களுக்கு ஏறிவிட வேண்டும். அவர் கீழே இருக்கும் பாட்டில் சின்தின் தாழ்ந்த ஒலிகளை ஃபில்டரால் வெட்டிவிட வேண்டும்.

நான்காம் படி: தமிழில் பாடுதல்

மான்செஸ்டர் உச்சரிப்பில் ஆங்கிலம் பாடும் குழுக்கள் இந்தியாவில் தேவைக்கு மேல் இருக்கின்றன. தமிழில் எழுதுங்கள். பதினாறு படித் தாளத்துக்குத் தமிழ் எழுத்தின் மாத்திரைக் கணக்கு வியக்கத்தக்க அளவு பொருந்தும். குறிலுக்கு ஒரு படி, நெடிலுக்கு இரண்டு படி, குறிலோடு மெய் சேர்ந்து வந்தால் பாடும்போது அதற்கும் இரண்டு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பட்டப் பகலில் பாதை மறந்தேன்' என்று ஒரு வரியை எடுத்துக்கொண்டால், 'பட்', 'டப்', 'லில்' ஆகியவை இரண்டிரண்டும் 'ப', 'க' ஆகியவை ஒவ்வொன்றுமாக முதல் எட்டுப் படிகள் நிறைகின்றன. பிற்பாதியில் 'பா' இரண்டு, சொல்லின் இறுதியில் ஐகாரம் குறுகுவதால் 'தை' ஒன்று, 'ம' ஒன்று, 'றந்' இரண்டு, 'தேன்' இரண்டு. மொத்தம் பதினாறு. ஸ்னேர் விழும் 5ஆம் படியில் 'ப'வும் 13ஆம் படியில் 'றந்'தும் வந்து நிற்கின்றன. வல்லினம் ஸ்னேரோடு சேர்ந்து விழும்போது பாடகர் கத்தாமலேயே வரி அறையும்.

எல்லா வரிகளையும் இப்படி அளந்து வெட்டினால் ஒப்பிப்பது போலாகிவிடும். சரணத்தில் கணக்கை இறுக்கமாக வைத்துப் பேச்சுக்கு அருகில் பாடி, பல்லவியில் நெடில்களை நான்கு படி, எட்டுப் படி என்று இழுத்துவிடுவது நல்ல முறை. கமகம் தெரிந்த பாடகர் என்றால் பல்லவியில் மட்டும், அதுவும் சிக்கனமாகப் பயன்படுத்தட்டும். எந்திரத் தாளத்தின் மேல் அசைவுகள் அதிகமானால் பாட்டு ஃபியூஷன் கச்சேரியாகிவிடும், அது வேறு கடை.

ஐந்தாம் படி: ஜாம் அறை

மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாம் அறைகள் பெரும்பாலும் டிரம் செட், கிதார் ஆம்ப், பேஸ் ஆம்ப், பாடகருக்கான சிறிய ஒலிபெருக்கி என்ற ராக் குழுவின் தேவைக்கு ஏற்ப அமைந்தவை. உங்கள் எந்திரத்தின் ஒலி முழுவதும் அந்தச் சிறிய ஒலிபெருக்கி வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே மிக்சரில் குரலுக்குப் போக எத்தனை உள்ளீடுகள் மிச்சம் இருக்கும், கிக்கைத் தாங்கும் அளவுக்கு ஸ்பீக்கர் இருக்கிறதா, கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிஐ பாக்ஸ் உண்டா என்று கேளுங்கள். கிதார் ஆம்பில் டிரம் மெஷினைச் செருகுவது பலர் செய்வது. அது ஆம்புக்கும் கெடுதல், காதுக்கும் கெடுதல்.

மடிக்கணினியின் சார்ஜரைச் செருகியவுடன் ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால், தரை இணைப்பில் மின்சாரம் சுற்றி வருகிறது என்று பொருள். சார்ஜரைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, இன்டர்ஃபேஸுக்கும் மிக்சருக்கும் இடையில் டிஐ பாக்ஸ் வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். மின்செருகியின் எர்த் முனையை உடைத்துவிடும் வழக்கம் இங்கே பலரிடம் உண்டு. மைக்கில் உதடு படும் பாடகர் ஒருவர் உங்களோடு இருக்கிறார் என்பதை நினைவில் வைத்து, அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆறாம் படி: மேடை

முதல் நிகழ்ச்சிக்கு ஆறு பாட்டு, அரைமணி நேரம் போதும். பின்னாளில் டிரம்மர் சேர்ந்தால், இன்டர்ஃபேஸின் முதல் இரண்டு வெளியீடுகள் அரங்குக்கும் மூன்றாவது அவருடைய காதுக்குக் கிளிக்காகவும் போகட்டும். மென்பொருள் சின்தை நேரடியாக வாசிக்கிறீர்கள் என்றால் பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவை) 128 சாம்பிளில் வையுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அது 3 மில்லிவினாடிக்கும் குறைவான தாமதம், விரல் உணராது. பதிவு செய்த டிராக்கை மட்டும் ஓட்டுவதானால் 512 வரை ஏற்றிவிடலாம், கணினி திணறாது. வைஃபையையும் தானியங்கி அப்டேட்டையும் அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் கணினி நின்றுபோகலாம் என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் இடப்பக்கம் கிளிக்கும் வலப்பக்கம் இசையுமாக ஒரு ஸ்டீரியோ கோப்பு செய்து கைப்பேசியில் போட்டு வையுங்கள்.

யார் எங்கே நிற்கிறார்கள், எத்தனை ஒலிக்கம்பிகள் வரும் என்ற ஒருபக்கத் தாளை அரங்கின் சவுண்ட் இன்ஜினியருக்கு இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். டிரம் செட் இல்லாத குழு என்பது அதில் தெளிவாக இருந்தால், கிக்கும் பேஸும் தனித்தனிக் கம்பியில் வர வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வார். சவுண்ட்செக்கில் எந்திரத்தை முதலில் சரிசெய்து, அதன் மேல் பேஸ், பிறகு குரல், கடைசியில் கிதார் என்று அடுக்குங்கள். வைட்ஃபீல்டிலிருந்து சனிக்கிழமை மாலை இந்திராநகருக்குக் கருவிகளோடு வருவதற்கு வரைபடம் காட்டும் நேரத்தை நம்ப வேண்டாம். திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவார்கள். முந்தைய குழு நேரம் கடத்தினால் உங்கள் பாட்டுதான் வெட்டுப்படும், ஆகவே எதை விடுவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மேடையில் பாட்டுக்கு நடுவே இரண்டு வாக்கியம் கன்னடத்தில் பேசுங்கள். இந்த ஊரில் வாழ்பவர் செய்ய வேண்டிய மரியாதை அது; தமிழ்ப் பாட்டைக் கேட்கும் மனநிலையையும் அது உண்டாக்கும். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் சில டிரம் மெஷின்கள் சேமிக்காத தாளங்களை மறந்துவிடும் என்பதால், சவுண்ட்செக் முடிந்தவுடன் ஒருமுறை சேமியுங்கள். எந்திரத்துக்கும் இன்டர்ஃபேஸுக்கும் மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது.

நிகழ்ச்சி முடிந்ததும் மிக்சரிலிருந்து நேரடியாக எடுத்த பதிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் அரங்கின் இரைச்சல் இருக்காது. யார் எந்திரத்தை முந்தினார், யார் பின்தங்கினார் என்பது ஒளிவுமறைவின்றிக் கேட்கும். அந்த வாரத்துக்குள்ளேயே, பாட்டுகளை வெளியிடும் முன்பே, ஒவ்வொரு பாட்டிலும் வரிக்கு யாருக்கு எவ்வளவு பங்கு, மெட்டுக்கு யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்டு வையுங்கள். டிரம் மெஷினின் தாளத்தை அமைத்தவரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு பாடலாசிரியரும் இசையமைத்தவரும் தனித்தனியாக, பாடல்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகி, அதே பங்குக் கணக்கின்படி பாடல்களைப் பதிவு செய்யலாம்.